முதலாவது ஆர் என்று கேட்பார்கள்

இந்த வேலைக்கு உங்களைச் சேர்த்தவர்கள் கோப்பி தந்திருப்பார்கள். வாஃபிள் தந்திருப்பார்கள். சங்கத்தின் பெயர் போட்ட தொப்பியும் தந்திருப்பார்கள். எச்சரிக்கை மட்டும் தந்திருக்க மாட்டார்கள். அதை நான் தருகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை எவரும் எந்தக் கூட்டத்துக்கும் இழுக்க முடியாது.

பிள்ளைகளை வரிசைப்படுத்துவதுதான் வேலை. இன்றைக்கு யார் நன்றாக விளையாடுகிறார் என்பதற்காக அல்ல. அதைக் கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து, இருபது வயதில் இது என்ன மாதிரியான பேஸ்போல் வீரனாக வரும் என்று சொல்ல வேண்டும். சொல்லி, ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கமும் போட வேண்டும். சாத்திரக்காரர்கூடப் பிறந்த நேரம் கேட்பார். எங்களுக்கு அதுவும் கிடையாது. ஒரு பந்து, ஒரு மட்டை, மழையில் நனைந்த ஒரு மைதானம். அவ்வளவுதான்.

ஒஸ்லோவில் பேஸ்போலா என்று சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள். பனி உருகி மைதானம் காய்வதற்குள் பாதி வருடம் போய்விடும். காய்ந்ததும் உதைபந்தாட்டக்காரர் வந்துவிடுவார்கள். வேலி பாய்ந்து வந்த மாடுகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூரை விளக்கை உடைத்துவிடாமல் பந்தெறியப் பழக்க வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். அதற்கும் நீங்கள்தான் போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

நான் இதற்குள் வந்து விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவன் நான். ஒரு கோடை மாலையில், பூங்காவில் சிலர் பொல்லால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதைக் கண்டேன். அட, இது எங்கள் எல்லே அல்லவா என்று நின்றுவிட்டேன். இலங்கையில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் எல்லே தெரியும். பந்தை அடித்துவிட்டு நாலு எல்லைகளையும் சுற்றி ஓடி வர வேண்டும். ஓடுகிறவனை மறிக்க, பந்தை எடுத்து அவன் மேலேயே எறிவார்கள். உடம்பில் பட்டால் ஆட்டமிழப்பு. ஆண், பெண் என்று எல்லாரும் விளையாடுவார்கள். நானும் விளையாடியவன்தான்.

என்னையும் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். சேர்த்தார்கள். என்னிடம் வந்த முதல் பந்தை, ஓடிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் தோளில் ஓங்கி எறிந்தேன். அவர் பழைய கப்பல்காரர். அமெரிக்கத் துறைமுகங்களில் இந்த விளையாட்டைப் பழகி வந்து ஒஸ்லோவில் பரப்பிக்கொண்டிருந்தவர். தோளைத் தடவியபடி என்னிடம் வந்து, "உனக்கு என் மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்வீஜிய மொழியில் எல்லேயை விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கே ஆளுக்கு எறிவதில்லை. எல்லையில் நிற்கிற உன் ஆளிடம் எறிய வேண்டும். அதை ஒரு மாலைக்குள் பழகிவிடுவாய். கை நல்ல கை. அதைப் பழக்க முடியாது." பிற்காலத்தில் இந்தச் சங்கத்தில் எனக்கு அரைநாள் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தக் கிழவர் சொன்னதை நாங்கள் எத்தனை தரம் மறந்தோம் என்று சொன்னால் வெட்கக்கேடு. ஒரு வருடம், பதின்மூன்று வயதில் மீசை அரும்பிய ஒரு பையன் வந்தான். மற்றப் பிள்ளைகள் அவன் இடுப்பளவில் நின்றார்கள். அவன் அடித்த பந்துகளைப் புதர்களுக்குள் தேடியே நாங்கள் இளைத்தோம். தேர்வுக்குழுவில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் அவனுக்கு முதலாம் இடம் கொடுத்தோம். பதினாறு வயதில் அவன் அதே உயரம், அதே அடி, அதே மீசை. இடுப்பளவில் நின்ற பிள்ளைகள் அவன் தலைக்கு மேலால் பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மீசைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். வளர்ச்சி முந்தி வந்த பிள்ளையும் திறமை உள்ள பிள்ளையும் ஒன்றல்ல. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதி வைத்துவிட்டு நீங்களும் மறப்பீர்கள்.

அடுத்த தொல்லை தொலைபேசி. தேர்வு முடிந்த கிழமையில் வீட்டுத் தொலைபேசியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டு சாதி மனிதர்கள் எடுப்பார்கள். நொர்வீஜியப் பெற்றோர் தாழ்ந்த குரலில், பிள்ளைகளை வரிசைப்படுத்துவது அவசியமா என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கம் போடக்கூடாது என்பது இந்த நாட்டு விளையாட்டுக்காரரின் வேதம். இவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லையே, பதின்மூன்று தாண்டியவர்கள் என்றால், "இருந்தாலும்" என்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லிலேயே அரைமணி நேரம் ஓட்டுவார்கள். தமிழ்ப் பெற்றோருக்கோ இலக்கத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

"அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லை. எத்தினையாவது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"மூண்டாவது."

"மூண்டோ? அப்ப முன்னாலை ரெண்டு பேர் நிக்கினமோ? ஆர் ஆக்கள்?"

"பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. மூண்டு எண்டது…"

"அது இருக்கட்டும் அண்ணை. முன்னாலை நிக்கிறது வெள்ளைப் பொடியளோ, எங்கடை பொடியளோ?"

"ஒருத்தன் எங்கடை பொடியன்."

"எங்கடை பொடியனோ? எவன்ரை பிள்ளை?"

முன்னால் நிற்பது நொர்வீஜியப் பிள்ளை என்றால் சகித்துக்கொள்வார்கள். தமிழ்ப் பிள்ளை என்றால் அன்றிரவு அந்த வீட்டில் சோறு இறங்காது. லில்லெஸ்ட்ரோமில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர். அவர் இன்னும் நாகரிகமாகக் கேட்பார்: "சார், பையன் டாப் டென்ல இருக்கானா, அதுக்குக் கீழயா?" பத்துக்குக் கீழே என்று ஒருநாள் சொன்னேன். அதன் பிறகு அவர் என் வீட்டு வாசலில் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

சரி, நான் சொல்ல வந்தது இதுவல்ல. நிரோஷன் என்ற பிள்ளையின் கதையைச் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம். ஒஸ்லோவின் ஓரத்துப் பியோர்ண்டாலில் இருந்து வந்துகொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் நிரோஷன். மெலிந்தவன். மட்டை பிடிப்பது சுமார். ஓட்டம் சுமாருக்குச் சற்று மேல். ஆனால் எறி! தூரக் களத்தில் நின்று அவன் எறிந்த பந்து உயரப் போகாது. கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக வரும். தேர்வுக்குழுவில் என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நொர்வீஜியப் பள்ளி அதிபர். இருந்து கதைத்தால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். மற்றவர் ஒஸ்லோவில் வேலை பார்த்த அமெரிக்கர். பந்தின் வேகத்தை அளக்கத் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பார். போரைக் கண்டு வந்த எங்கள் தாய்மாருக்கு அந்தக் காட்சியைக் காட்டக்கூடாது என்று எத்தனையோ தரம் சொன்னேன். கேட்கவில்லை.

அந்த முறை வரிசையில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருகிறவர்களுக்குக் கோடையில் ஹொலண்டில் பயிற்சி முகாம். பெரிய கழகங்களின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஒஸ்லோவிலிருந்து ஒரு பிள்ளை பேஸ்போலில் மேலே போவதென்றால் அந்த ஒரு கதவுதான். மூன்றாம் இடம் என்றால் கைகுலுக்கலும் வாஃபிளும். அடுத்த வருடம் நிரோஷனுக்கு வயது தாண்டிவிடும். இதை அவனும் அறிவான், நாங்களும் அறிவோம்.

அவனுடைய தாயையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மன்னாரில் பிறந்தவர். இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. வேலை முடிந்த கையோடு மகனை மைதானத்துக்குக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே இருக்கையைச் சரித்துவிட்டுத் தூங்குவார். இரண்டு வருடம் நான் அந்தப் பெண்ணைப் பார்த்தது கார்க் கண்ணாடிக்குப் பின்னால்தான். மற்றப் பெற்றோர் வேலியோரம் நின்று "ஹையா, ஹையா" என்று உற்சாகப்படுத்துவார்கள். அவர் இறங்கியதில்லை. பெற்றோர் சேர்ந்து கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு இங்கே டுக்னாட் என்பார்கள். அதற்கு மட்டும் தவறாமல் பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் செய்து மகனிடம் கொடுத்துவிடுவார். பெட்டியைத் திறந்ததும் முடிந்துவிடும்.

தேர்வு ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தாயும் மகனும் நேரே வந்திருந்தார்கள். முதல்நாள் இரவு வேலை இல்லாததால் நித்திரை கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பெண் காரை விட்டு இறங்கினார். பட்டுச் சேலைக்கு மேல் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு, நொர்வீஜியப் பெற்றோரின் வரிசையில் ஓர் ஓரமாக வந்து நின்றார். நடுவராக நின்றவன் நான். எங்கள் சங்கத்தில் தேர்வாளரும் நடுவரும் கோடு போடுகிறவரும் ஒரே ஆள்தான். சம்பளமும் ஒன்றுதான்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. ஏரிக் என்ற பையன் பந்தை வெளுத்து வாங்கினான். அந்த வருடத்தின் முதலாம் இடம் அவனுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்ட பிள்ளை. பெரிய உடம்பு, ஆனால் மீசைக் கதை இல்லை. கண்ணும் காலும் உண்மையாகவே நல்லவை. பந்து உருண்டுபோய்த் தூரக் களத்தில் நிரோஷனின் கைக்கு வந்தது. ஏரிக் மூன்றாம் எல்லையைச் சுற்றி, ஓட்டம் முடிகிற வீட்டு எல்லைக்கு ஓடி வருகிறான். அங்கே நிரோஷனின் அணிப் பிள்ளை கையுறையை விரித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கையுறைக்குள் பந்து முந்தி வந்தால் போதும், ஏரிக் ஆட்டமிழப்பான். நிரோஷனின் கைக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அப்போதுதான் வேலியோரத்திலிருந்து தமிழில் ஒரு குரல் கிளம்பியது.

"ஆளுக்கு எறி நிரோ! ஆளுக்கு எறியடா!"

அன்றைக்கு அந்த மைதானத்தில் வேறு தமிழர் இல்லை, அந்தச் சொற்கள் விளங்கியது மூன்று பேருக்கு. கத்தியவர், மகன், நான். நிரோஷன் ஒரு கணம் வேலிப் பக்கம் பார்த்தான். பிறகு எறிந்தான். பந்து நேராக வந்து ஏரிக்கின் பின்பக்கத்தில் பட்டது. அவன் துள்ளினான். இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டான். ஆனால் நிற்கவில்லை. பொத்தியபடியே ஓடிவந்து வீட்டு எல்லையை மிதித்தான். விதிப்படி அவன் தப்பிவிட்டான். தப்பினான் என்பதற்கு அடையாளமாக நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

மைதானத்தில் ஒருவர் மட்டும் கை தட்டினார். பட்டுச் சேலைக்காரி. நான் கை விரித்ததைக் கண்டதும் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். பிறகு விறுவிறென்று காருக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

நொர்வீஜியர் கோபப்பட்டால் குரல் தாழும். ஏரிக்கின் தகப்பன் என்னிடம் வந்து, "இது சரியில்லை" என்று மெதுவாகச் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தலைவர் எங்கள் இரண்டு பேரையும் சாமான் வைக்கும் கொட்டகைக்குள் கூட்டிப் போனார்.

"இது திறமைப் பிரச்சினை இல்லை, மனப்பாங்குப் பிரச்சினை," என்றார். "அவனை இந்த வருட வரிசையில் சேர்க்க முடியாது. தாயைக் கூப்பிட்டுக் கதைப்போம். நீங்கள் மொழிபெயர்த்துவிடுங்கள்."

அமெரிக்கர் தன் கருவியைத் துடைத்தபடி தலையாட்டினார். எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் தமிழன், அவனும் தமிழன். நான் என்ன சொன்னாலும் தன் இனத்துப் பையனுக்காகக் கதைக்கிறான் என்றுதான் ஆகும். உங்களில் சிலருக்கும் இந்த இக்கட்டு வரும். வந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

"முதலில் பையனைக் கேட்டுவிட்டு வருகிறேன்," என்று வெளியே வந்தேன்.

நிரோஷன் கொட்டகைக்குப் பின்னால் குந்தியிருந்து கையுறையின் தோல் வாரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உனக்கு விதி தெரியாதோ? ரெண்டு வருசமா என்னத்தைப் பழகினனி?"

"ரெக்லர், விதியெல்லாம் தெரியும் மாமா."

"தெரிஞ்சுகொண்டோ எறிஞ்சனி?"

நான் கத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவனாகவே சொன்னான்.

"அம்மா ஒரு நாளும் காரை விட்டு இறங்கிறேல்லை. இண்டைக்குத்தான் இறங்கினவ. எல்லாரும் கத்தேக்கை தானும் கத்தினவ. நான் வேறை பக்கம் எறிஞ்சிருந்தா, தான் பிழையாக் கத்தினதெண்டு அவவுக்கு விளங்கியிருக்கும். அவ்வளவு பேருக்கு முன்னாலை. பிறகு இறங்கவே மாட்டா."

"அதுக்கு ஆளுக்கு எறியிறதோ? அந்தப் பொடியன்ரை தலையிலை பட்டிருந்தா?"

"தலையிலை படாது மாமா. நான் பின்பக்கத்துக்குத்தான் குறி வச்சனான். அங்கை பட்டா பெரிசா நோகாது."

"ஓடுறவனுக்கோ? அங்கையிருந்தோ?"

தோளைக் குலுக்கினான். "ஏரிக்குக்குப் பெரிய பின்பக்கம்தானே."

எனக்கு அவனை ஒரு அறை விடவும் வேண்டும்போல் இருந்தது, தூக்கித் தோளில் வைக்கவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல், எல்லே பற்றி அம்மா என்ன சொல்வார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அணித் தலைவியாக இருந்தவராம். குளிர்காலம் முழுக்கப் பியோர்ண்டாலில் கார் நிறுத்தும் நிலவறையில் ரெனிஸ் பந்தை வைத்துக்கொண்டு மகனை ஓடவிட்டு எறிவாராம். பிறகு தான் ஓடி, மகனை எறியச் சொல்வாராம். இரண்டு விளையாட்டும் ஒன்றுதான், பந்துதான் கொஞ்சம் பெரிது என்று அவர் நினைப்பாம். இவன் திருத்தவில்லை.

"அம்மாட்டைச் சொல்லாதேங்கோ மாமா," என்றான். "லிஸ்ரிலை போடாட்டியும் பரவாயில்லை."

ஹொலண்ட் முகாமுக்காக இரண்டு வருடம் மழையிலும் குளிரிலும் எறிந்த பிள்ளை சொல்கிறது இதை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. தாயின் மேலும் இல்லை.

கொட்டகைக்குள் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தாய் கத்தியது, மகன் குறி வைத்தது, ஏன் குறி வைத்தான் என்பது, எல்லாவற்றையும். அமெரிக்கர் தொப்பியைக் கழற்றினார்.

"பின்பக்கத்துக்குக் குறி வைத்தானா?"

"அப்படித்தான் சொல்கிறான்."

அவர் வெளியே போய் நிரோஷன் நின்ற இடத்திலிருந்து ஏரிக் ஓடிய வழிவரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "என்னால் முடியாது," என்றார். "எனக்குத் தெரிந்த பெரிய ஆட்கள் பலராலும் முடியாது." அந்தக் கருவியை அவர் கீழே வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தலைவர் விடவில்லை. "வேண்டுமென்றே எறிந்தான் என்றால் அது இன்னும் மோசம் அல்லவா? தாய்க்கு விதி தெரியாவிட்டால் சொல்லிக் கொடுத்தால் போயிற்று. கதைத்தால் தீர்கிற விஷயம்தானே?"

நான் வெடித்துவிட்டேன். "யார் கதைத்தோம்? இரண்டு வருடம் அந்தப் பெண் எங்கள் கண் முன்னால் காருக்குள் இருந்தார். டுக்னாட்டுக்குக் கடுதாசி அனுப்பினோம், அதுவும் உங்கள் மொழியில். ரோல்ஸ் வந்தது, நின்ற நிலையில் தின்றோம். கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டி, இறங்கி வாருங்கள், இந்த விளையாட்டு இப்படி என்று எவராவது சொன்னோமா? நான் சொன்னேனா? அவர் மொழி தெரிந்த ஒரே ஆள் நான்தான்! விதி ஒரு மாலைக்குள் பழகுகிற காரியம். அந்தக் கையை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? அந்த வேகத்தில், அவ்வளவு பேர் பார்க்க, தாயையும் காப்பாற்றி, எதிரிக்கும் நோகாத இடம் பார்த்து எறிகிற மனப்பாங்கை எந்தக் கூட்டம் வைத்துப் பழக்குவீர்கள்?"

தலைவர் நல்ல மனிதர்தான். "ஏரிக்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தாய்க்கு இன்றைக்கே விதியைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை யாருடைய தலையாவது உடையும். இரண்டும் நடந்தால் வரிசையில் போடலாம்," என்றார். அதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. பந்து கல்லுப் போன்றது.

மன்னிப்பு எளிதாக முடிந்தது. ஏரிக், "உண்மையாகவே அங்கேதான் குறி வைத்தாயா?" என்று கேட்டான். இவன் ஓம் என்று தலையாட்டினான். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம்.

வரிசை போட்டோம். முதலாம் இடத்தை ஏரிக்குக்குக் கொடுக்கச் சொன்னவன் நான். அமெரிக்கரே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டும் ஓட்டத்தை நிறுத்தாத பிள்ளை அது. அதைவிட வேறென்ன எதிர்காலம் வேண்டும்? இரண்டாம் இடம் நிரோஷன். இரண்டு பேருக்கும் ஹொலண்ட். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மிச்சம் இருந்தது தாய். தலைவர் என் பக்கத்தில் நின்று சிரித்த முகத்தோடு, "சொல்லுங்கள், விதியைத் தெளிவாகச் சொல்லுங்கள்," என்றார். கார்க் கண்ணாடியில் தட்டினேன். அந்தப் பெண் கண்ணாடியை இறக்காமல் கதவைத் திறந்து இறங்கியே வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு ஆயத்தமாக நின்றார். அவருக்குப் பின்னால் நிரோஷன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, உங்கடை மகன் தெரிவாகியிட்டான். ஹொலண்டுக்குப் போறான்."

அவருடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஒரே ஒரு கணம்.

"எத்தினையாவது?"

"ரெண்டாவது."

"ரெண்டோ? அப்ப முதலாவது ஆர்?"

"ஏரிக். அந்தப் பெரிய பொடியன்."

"அவனோ?" குரல் உயர்ந்தது. "அண்ணை, அவன் அவுட் ஆனவன்! என்ரை பிள்ளை எறிஞ்சு அவன்ரை பின்பக்கத்திலை பட்டது ஊரே பாத்தது. நீங்கள் மட்டும் கையை விரிச்சுக்கொண்டு நிண்டியள். அவுட் ஆனவனுக்கு முதலாமிடமோ?"

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

"முதலாவது யார் என்று கேட்கிறார்," என்றேன்.

"விதியைச் சொல்லிவிட்டீர்களா?"

நிரோஷன் குனிந்து, கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

எத்தனை வருடம் நடுவராக நின்றவன் நான். ஒரு தீர்ப்பையும் மாற்றியதில்லை. மாற்றச் சொன்னவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "அவன் அவுட்தான். நான்தான் சரியாப் பாக்கேல்லை."

"அதுதானே பாத்தன்!"

"ஆனா ஒரு விசயம். இனிமேல் இந்த விளையாட்டிலை ஆளுக்கு எறியேலாது. எல்லையிலை நிக்கிற எங்கடை ஆளுக்குத்தான் எறிய வேணும். பந்து கல்லு மாதிரி, ஆருக்கும் பட்டா ஆபத்து. விதியை மாத்திப்போட்டினம்."

"எப்ப மாத்தினவை?"

"இப்பதான். அந்தக் கொட்டிலுக்குள்ளை வச்சு."

அவர் கொட்டகையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் நல்லவேளையாகச் சிரித்துத் தலையாட்டினார். அந்தப் பெண் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம்," என்றார். "என்ரை பிள்ளை எறிஞ்சு முடிஞ்ச பிறகு மாத்தினவை."